பேனல் போடுவதற்கு முன் பில்லைப் படிக்க வேண்டும்

கோவையில் பட்டறை வைத்திருப்பவர்கள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால் பேச்சு கடைசியில் கரண்ட் பில்லில் வந்து நிற்கும், அங்கிருந்து நேராகச் சோலாருக்குப் போய்விடும். எத்தனை கிலோவாட் போடலாம், யார் கம்மி ரேட்டுக்குத் தருகிறார், எத்தனை வருஷத்தில் போட்ட காசு திரும்பும். எங்கள் பட்டறைக் கூரையிலும் சோலார் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது, போடாதே என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் சோலாரை முதல் வேலையாக எடுப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. முதலில் பில், அப்புறம் வீணாகப் போகும் கரண்ட், அதற்கப்புறம்தான் பேனல். இந்த வரிசை மாறினால், வீணாகப் போகும் கரண்டையும் சேர்த்து உற்பத்தி செய்யப் பெரிய பிளான்ட் போட்டு, அதற்கு வட்டியும் கட்டிக்கொண்டிருப்போம்.

பில்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். பலரும் மொத்தத் தொகையைப் பார்த்துக் கட்டிவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த மொத்தத்துக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன: ஓடிய யூனிட்டுக்கான காசு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம், காலை மாலை உச்ச நேரத்துக்கான கூடுதல், பவர் பேக்டர் (லைனிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கு) விழுந்தால் வரும் அபராதம். சோலார் நேரடியாகக் குறைப்பது முதலாவதை மட்டும்தான். நிலைக் கட்டணம் நாம் வாங்கி வைத்திருக்கும் லோடுக்கு, அதாவது சாங்ஷன் ஆன கிலோவாட்டுக்கு. கூரை முழுக்கப் பேனல் பரப்பினாலும் அதில் ஒரு பைசா குறையாது.

அந்த நிலைக் கட்டணம்தான் 2022 செப்டம்பரில் எங்களைப் போன்ற சிறு தொழில்களை உலுக்கியது. அதுவரை எல்.டி., அதாவது தாழ்வழுத்தத் தொழிற்சாலை இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். அது 50 கிலோவாட் வரை 75 ரூபாயாகவும் அதற்கு மேல் 150 ரூபாயாகவும் ஆனது. 60 கிலோவாட் வாங்கி வைத்திருந்த பட்டறைக்கு 2,100 ரூபாய் இருந்த இடத்தில் 9,000 ரூபாய். ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா நின்ற மாதத்திலும் அதே 9,000. அதோடு உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் வேறு. அடுத்த வருஷம் செப்டம்பர் 25-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்கக் குறு, சிறு தொழில்கள் ஒருநாள் கதவடைத்தது இதற்காகத்தான், நாங்களும் அன்றைக்கு ஷட்டரை இறக்கினோம்.

இதில் நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. வாங்கி வைத்திருக்கும் லோடு முழுவதும் உண்மையிலேயே தேவையா என்று பார்ப்பது. அப்பா காலத்தில் வாங்கிய 75 கிலோவாட் அப்படியே கிடக்கும், அதற்குள் இரண்டு பழைய மெஷினை விற்றிருப்பார்கள், ஹீட் ட்ரீட்மென்ட்டை வெளியே கொடுத்திருப்பார்கள், மீட்டரில் ஏறும் அதிகபட்ச டிமாண்ட், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் லோடு, நாற்பதைத் தாண்டியிருக்காது. ஒரு வருஷத்து பில்லை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். லோடைக் குறைக்க மனு கொடுக்கலாம். 50-க்கு கீழே இறங்கினால் ரேட்டே பாதி. பிற்காலத்தில் மெஷின் வாங்கினால் திரும்ப ஏற்றச் செலவாகுமே என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் வராத மெஷினுக்கு வருஷக்கணக்கில் வாடகை கட்டுவதையும் கணக்குப் போட வேண்டும். எச்.டி., அதாவது உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவர்கள் பயன்படுத்தாவிட்டாலும் வாங்கிய டிமாண்டில் 90 சதவீதத்துக்குக் காசு கட்டியே ஆக வேண்டும்.

சரி, இப்போது கம்ப்ரசர். எந்தப் பட்டறைக்குள் போனாலும் நான் முதலில் காது கொடுத்துக் கேட்பது இதைத்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லா மெஷினும் நின்ற பிறகு ஷெட்டுக்குள் நின்று பாருங்கள், உஸ்ஸென்று சத்தம் கேட்கும். அது காற்று போகும் சத்தம் என்று எல்லோருக்கும் தெரியும், காற்றுதானே என்று விட்டுவிடுகிறார்கள். கம்ப்ரசருக்குள் போகும் கரண்டில் பெரும்பகுதி சூடாகவே வெளியே போய்விடுகிறது, வேலை செய்யும் காற்றாக நம் கைக்கு வருவது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஒரு பட்டறையில் கிடைப்பதிலேயே விலை அதிகமான சக்தி அது. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை இருந்தால் அது மூன்றிலிருந்து நான்கு கிலோவாட் வரை தின்னும். இரண்டு ஷிப்ட் ஓடும் இடத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது யூனிட். அந்த ஐம்பது யூனிட்டைச் சோலாரில் எடுக்க வேண்டுமானால் 12 கிலோவாட் பேனல் வேண்டும், அதற்கு 1,200 சதுர அடி கூரை வேண்டும். பத்து ரூபாய் வாஷரும் கொஞ்சம் டெஃப்லான் டேப்பும் செய்கிற வேலைக்கு!

எவ்வளவு கசிகிறது என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். லீவு நாளில் ஒரு மெஷினும் ஓடாதபோது கம்ப்ரசரை மட்டும் போடுங்கள், லைன் வால்வுகள் எல்லாம் திறந்தே இருக்கட்டும். அழுத்தம் ஏறியதும் அன்லோடு ஆகும், அதாவது காற்றை அமுக்காமல் சும்மா ஓடும், கசிவால் அழுத்தம் இறங்கியதும் மறுபடி லோடு ஆகும். லோடில் எவ்வளவு நேரம், அன்லோடில் எவ்வளவு நேரம் என்று செல்போனில் நேரம் பாருங்கள். இரண்டு நிமிஷம் லோடு, ஆறு நிமிஷம் அன்லோடு என்றால் எட்டில் இரண்டு, அதாவது கம்ப்ரசர் தரும் காற்றில் கால்வாசி எந்த வேலையும் செய்யாமல் கசிவிலேயே போகிறது. கவனிக்காமல் விட்ட பட்டறைகளில் இருபது முப்பது சதவீதம் என்பது சாதாரணம். அப்புறம் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் போக வேண்டியதுதான். பெரும்பாலும் மெயின் பைப்பில் இருக்காது. ஹோஸ் கிளிப், குவிக் கப்ளர், காற்றை வடிகட்டி அழுத்தத்தைச் சீராக்கும் எஃப்.ஆர்.எல். யூனிட்டின் வடிகால், யாரோ பாதி மூடி வைத்த பழைய லைன், இவற்றில்தான் இருக்கும்.

கசிவை அடைத்த பிறகு அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு மெஷினில் கிளாம்பிங் சரியாகப் பிடிக்கவில்லை என்று யாரோ ஒருநாள் எட்டு பாருக்கு ஏற்றியிருப்பார், அதற்குப் பிறகு இறக்கியிருக்கவே மாட்டார். ஒரு பார் குறைத்தால் கம்ப்ரசர் கரண்டில் ஆறேழு சதவீதம் குறையும். அரை அரை பாராக இறக்கி, எந்த மெஷின் முனகுகிறது என்று பார்த்து நிறுத்தலாம். ஸ்குரூ கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அது அன்லோடில் ஓடும்போதும் முழு லோடில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வரை கரண்ட் எடுக்கும். சாப்பாட்டு நேரத்தில், ஷிப்ட் மாறும்போது அணைத்துவிடுவதற்கு ஓர் ஆளைப் பொறுப்பாக வையுங்கள். சட்டை தூசியைக் காற்றால் ஊதித் தட்டுவதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். அது கரண்ட் செலவு மட்டுமில்லை, கண்ணுக்கும் ஆபத்து.

மோட்டார் பற்றிச் சொன்னால் இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும், மோட்டாரும் பம்பும் செய்கிற ஊர் இது. இருந்தும் எரிந்த மோட்டாரை மூன்றாவது நாலாவது முறையாகக் காயில் கட்டி ஓட்டுகிற பழக்கம் போகவில்லை. காயில் கட்டும்போது பழைய செம்பை எடுக்க ஸ்டேட்டரை நெருப்பில் சுடுகிறார்கள், அதில் கோர் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இன்சுலேஷன் கெடுகிறது, கம்பி கேஜும் சுற்றும் மாறிப்போகிறது, ஒவ்வொரு தடவையும் திறன் கொஞ்சம் இறங்குகிறது. 10 குதிரைத் திறன் மோட்டார் ஒன்று முழு லோடில் வருஷத்துக்கு 4,800 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். யூனிட் எட்டு ரூபாயை ஒட்டிப் போட்டால் அது ஒரு வருஷத்தில் குடிக்கும் கரண்ட் மூன்று லட்ச ரூபாய்க்கு மேல். மோட்டாரின் விலை அதில் ஒரு சின்னப் பங்கு. அந்த மோட்டாரின் திறன் 85 சதவீதத்துக்கு இறங்கியிருந்து, அதை எடுத்துவிட்டு 92.6 சதவீதம் தரும் ஐ.இ.4 என்ற உயர் திறன் தர மோட்டாரைப் போட்டால் வருஷத்துக்கு மூவாயிரத்து நானூறு யூனிட் மிச்சம், ரூபாயில் 27,000-ஐத் தாண்டும். நன்றாக ஓடும் மோட்டாரைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அடுத்த முறை எரியும்போது காயில் கட்டக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். அதிக நேரம் ஓடும் மோட்டாருக்குத்தான் இது பொருந்தும். தினம் அரை மணி நேரம் ஓடும் ஹேக்சா மோட்டாருக்குப் போய் ஐ.இ.4 போட வேண்டியதில்லை.

புளோயர், டஸ்ட் கலெக்டர், தண்ணீர் சுற்றும் பம்ப் வைத்திருப்பவர்கள் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. டிரைவைப் பற்றி யோசிக்கலாம். இந்த வகை மெஷின்களில் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் எடுக்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும், வேகத்தின் மும்மடிக்கு (கியூப்) ஏற்றபடி அது மாறுகிறது. காற்று வழியில் இருக்கும் டேம்பர் கதவைப் பாதி மூடி வைத்து மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டுகிற இடம் எத்தனை! ஆனால் எல்லா மோட்டாருக்கும் வி.எஃப்.டி. விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. எப்போதும் ஒரே வேகத்தில் முழு லோடில் ஓடும் மோட்டாரில் அதைப் போட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை, டிரைவில் போகும் நஷ்டம்தான் கூடும்.

லைட்டும் ஃபேனும் பெரிய கதை இல்லை. செம்புச் சோக் வைத்த பழைய டியூப் லைட் ஐம்பது வாட் அளவுக்கு இழுக்கிறது, எல்.இ.டி. இருபதுக்குள் அதே வெளிச்சம் தரும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் முப்பதை ஒட்டி. மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இதையெல்லாம் முடித்து, இரண்டு மூன்று மாதம் குறைந்த பில்லைப் பார்த்த பிறகு சோலாருக்கு வாருங்கள். இப்போது தேவைப்படும் பிளான்ட் முன்பு நினைத்ததைவிடச் சின்னது, வாங்க வேண்டிய கடனும் சின்னது.

அளவு முடிவு செய்வதில்தான் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள். எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு கிலோவாட். வீட்டுக்கு அது சரியாக வரலாம், வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டரிங் உண்டு, பகலில் அனுப்பிய யூனிட்டை இரவில் எடுத்த யூனிட்டிலிருந்து கழித்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் நம் தொழில் இணைப்புகளுக்கு அந்த வழி இல்லை. நாம் லைனுக்கு அனுப்பும் யூனிட்டுக்கு ஒரு தனி விலை, அது நாம் வாங்கும் விலையைவிட மிகக் குறைவு. ஆகவே பேனலில் உற்பத்தியாகும் அதே நிமிஷத்தில் நம் மெஷின் எடுத்துக்கொள்கிற யூனிட்டுக்குத்தான் எட்டு ரூபாய் மதிப்பு. மற்றதெல்லாம் கிடைத்த விலைக்குத் தள்ளுவது.

ஞாயிற்றுக்கிழமையை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. வருஷத்துக்கு 52 ஞாயிறு, அப்புறம் பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி, தேர்தல், ஊர்த் திருவிழா என்று எல்லாம் சேர்த்தால் அறுபத்தைந்து நாளை நெருங்கும். வெயில் அன்றைக்கும் அடிக்கும், பேனல் அன்றைக்கும் ஓடும். நம் ஊரில் ஒரு கிலோவாட் வருஷத்துக்குச் சுமாராக 1,400 யூனிட் தரும் என்றால் அதில் 250 யூனிட் லீவு நாளிலேயே போய்விடுகிறது. கொட்டேஷன் கொண்டுவருபவர் 1,500 யூனிட் வரும் என்று சொல்லி, அத்தனையையும் முழு விலையில் பெருக்கி, வருஷம் 12,000 ரூபாய் மிச்சம், நாலு வருஷத்தில் முதல் திரும்பிவிடும் என்பார். நீங்கள் 1,150-ஐ எட்டால் பெருக்குங்கள், 9,200 வரும். கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் ஐந்தரை வருஷம். இதில் நெட்வொர்க் கட்டணத்தையும் கழிக்க வேண்டும். சொந்தக் கூரையில் சொந்தக் காசில் போட்ட பேனலில் எடுக்கும் யூனிட்டுக்கு எல்.டி. இணைப்பில் ஒன்றரை ரூபாய்க்கு மேல் கேட்டார்கள், முன்னால் சொன்ன கதவடைப்புப் போராட்டத்துக்குப் பிறகு 2023-ல் சிறு தொழில்களுக்குப் பாதியாகக் குறைத்தார்கள். போடும் முன் அன்றைய நிலவரத்தை மின்வாரியப் பொறியாளரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும் பேனல் இருபத்தைந்து வருஷம் ஓடும் பொருள் என்பதால் லாபம்தான், சந்தேகமே இல்லை. பொய்க் கணக்கில் பெரிதாகப் போடுவதுதான் நஷ்டம்.

ஒரு வாரம் வேலை நாட்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை மணிக்கொரு தடவை மீட்டரைக் குறித்து வையுங்கள். அந்த நேரத்தில் எப்போதும் எடுத்துக்கொண்டே இருக்கும் கிலோவாட் எவ்வளவோ அதை ஒட்டிப் போடுவதுதான் நம் போன்ற பட்டறைக்குச் சரி.

அடுத்து, விற்பவர்கள் வாயைத் திறக்காத ஒரு விஷயம், பவர் பேக்டர். பட்டறை 60 கிலோவாட் எடுக்கிறது, பவர் பேக்டர் 0.95, எல்லாம் சுகம். இப்போது 45 கிலோவாட்டைச் சோலார் தருகிறது. லைனிலிருந்து வருவது 15 கிலோவாட் மட்டும், ஆனால் மோட்டார்களுக்குள் காந்தப்புலம் உண்டாக்க வேண்டிய ரியாக்டிவ் பவர் அப்படியே லைனிலிருந்துதான் வருகிறது, அது குறையவில்லை. மீட்டர் பார்க்கும் பவர் பேக்டர் அந்த நேரத்தில் 0.61-க்கு விழுந்துவிடும். மாதச் சராசரி அவ்வளவு விழாவிட்டாலும் அபராதம் வர அது போதும். யூனிட் குறைந்திருக்கிறது, பில் எதிர்பார்த்தபடி குறையவில்லை, ஏன் என்று தெரியாமல் முழிக்கும் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். பவர் பேக்டரைத் தானாகச் சரிசெய்யும் ஏ.பி.எஃப்.சி. பேனலில் கெபாசிட்டர் கூட்ட வேண்டும், கரண்டை அளக்கும் அதன் சி.டி. லைன் வரும் இடத்தில் இருக்க வேண்டும், அல்லது இன்வெர்ட்டரிலேயே ரியாக்டிவ் பவர் தரும்படி செட் செய்யச் சொல்ல வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே இதை எழுதி வாங்கிவிடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளும் நினைவில் இருக்கட்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது, மேலே வெயில் கொளுத்தும், நம் பேனலும் சும்மா கிடக்கும். லைனில் கரண்ட் இல்லாவிட்டால், லைனோடு சேர்ந்தே ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போது அதோடு சோலாரைச் சேர்த்து ஓட்டத் தனிக் கன்ட்ரோலர் வேண்டும், இல்லாவிட்டால் லோடு குறையும் நேரத்தில் சோலார் கரண்ட் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாய்ந்து அதைக் கெடுக்கும். டீசல் நிறைய எரிக்கும் இடமாக இருந்தால் அந்தக் கன்ட்ரோலர் சீக்கிரமே காசை எடுத்துவிடும்.

கூரை விஷயத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதன் மேல் கால் வைக்கவே விடாதீர்கள். முதலில் மெட்டல் ஷீட்டாக மாற்றிவிட்டு, கூரையைத் தாங்கும் டிரஸ் சட்டம் எடை தாங்குமா என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் காட்டிவிட்டு அப்புறம் போடுங்கள். பழைய மில் ஷெட்டுகளில் வடக்குப் பக்கம் கண்ணாடி வைத்து ரம்பப் பல் மாதிரி கட்டியிருப்பார்கள் இல்லையா, அதில் சரிவு தெற்குப் பார்த்து இருக்கும், பேனலுக்கு அருமையான இடம், ஒரு வரிசையின் நிழல் அடுத்ததில் விழாதபடி மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பவுண்டரிகளுக்குப் பக்கத்தில் இருந்தால் தூசி கெட்டியாகப் படியும். காலையில் வெயில் ஏறும் முன் கழுவ வேண்டும், கொதிக்கும் கண்ணாடியில் நடுமதியம் தண்ணீர் ஊற்றக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைத் தடம் விழுந்து அதுவே வெளிச்சத்தை மறைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் உச்சத்தில் இருந்தும் உற்பத்தி ஏன் பிப்ரவரியைத் தாண்டவில்லை என்று குழம்பாதீர்கள். பேனல் 60 டிகிரிக்குச் சூடானால் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துதான் தரும்.

காசு விஷயத்தில், வீட்டுக்குக் கிடைக்கும் பி.எம். சூர்ய கர் மானியம் நமக்குக் கிடையாது. நமக்கு இருப்பது வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம். 180 நாளுக்குக் குறைவாக ஓடிய வருஷத்தில் அதில் பாதிதான் கிடைக்கும், ஆகவே செப்டம்பருக்குள் ஓட வைப்பதற்கும் மார்ச்சில் ஓட வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு, ஆடிட்டரைக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகியிருக்கிறது. முதல் போடாமல், நிறுவனமே நம் கூரையில் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று விற்கும் ஓபெக்ஸ் முறையும் இருக்கிறது. அதில் வருஷா வருஷம் ரேட் எவ்வளவு ஏறும், நாம் எடுக்காத யூனிட்டுக்கும் காசு கேட்பார்களா, நடுவில் இடத்தை மாற்றினால் என்ன, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த ஊர்த் தொழில் வளர்ந்ததே கரண்டை வைத்துத்தான். 1932-ல் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் இங்கே மில்கள் வரிசையாக எழுந்தன. பின்னால் கரண்ட் பற்றாக்குறை வந்தபோது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிச் சொந்தமாகக் காற்றாலை வாங்கி நிறுத்தியவர்களும் இந்த மில்காரர்கள்தான். இப்போது பத்து ஆள் வேலை செய்யும் பட்டறைகூடத் தன் கூரையில் தானே உற்பத்தி செய்ய முடியும் என்ற நிலை வந்திருக்கிறது. வீட்டுக்கு இருக்கும் நெட் மீட்டரிங்கைச் சிறு தொழிலுக்கும் கொடுங்கள் என்று சங்கங்கள் எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. முழுதாகக் கொடுக்க முடியாவிட்டால், எங்கள் ஞாயிற்றுக்கிழமை யூனிட்டைத் திங்கட்கிழமைப் பகல் யூனிட்டில் கழித்துக்கொள்ளவாவது விடுங்கள்.